மார்பக மீளமைப்பும் சத்திரவைத்தியர் மனப்பாங்கும்

மருத்துவத்தின் உறுப்புகளை வகுத்துக் கூறப் புகுந்த திருவள்ளுவர், நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என அவற்றை நான்காக நிரைப்படுத்தினார். நோயுற்றவனை முதலிலும் நோய் தீர்ப்பவனை அவனுக்கு அடுத்தும் வைத்த முறை கருதத்தக்கது. மருத்துவ வரலாற்றை நோக்குமிடத்து இவ்வொழுங்கு தலைமாறிக் கிடந்த காலங்களும் உள. புற்றுநோயின் பொருட்டு மார்பகத்தை இழந்த பெண்ணுக்கு அதனை மீள அமைத்துக் கொடுக்கும் சத்திரசிகிச்சையின் வரலாறு அதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். வழி கண்டறியப்பட்ட பின்னரும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அது பெரும்பாலும் கையாளப்படாது கிடந்தது. கருவிக் குறைவு மாத்திரம் அதற்குக் காரணமன்று. சத்திரவைத்தியர்தம் மனப்பாங்கும், அம்மனப்பாங்கை ஆசானிடமிருந்து மாணவனுக்குக் கடத்திய பயிற்சி முறையுமே பெருங்காரணங்களாயின. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்கள் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அதனால் மாண்டனர். இலங்கைப் பெண்களிடத்தும் மற்றெல்லாப் புற்றுநோய்களினும் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. தொடக்கத்திலேயே கண்டறியப்படின், கட்டியையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியையும் நீக்கிக் கதிர்ச்சிகிச்சை அளித்தல் பலருக்குப் போதுமானது. எனினும் மார்பகம் முழுவதையும் நீக்கவேண்டிய நிலையிலுள்ளோர் இன்றும் பலராவர். நோய் நீங்கிய பின்னரும் அவர்கள் நெடுங்காலம் வாழ்கின்றனர். ஆடை அணியுந்தோறும், பிறர்முன் நிற்குந்தோறும், கணவனோடும் மக்களோடும் பழகுந்தோறும் அவ்விழப்பு அவர்களோடு உடனுறைகின்றது. இதனை வெறும் அழகு பற்றிய கவலையென ஒதுக்குதல் பொருந்தாது. கையிழந்தவனுக்குச் செயற்கைக் கை அமைத்துக் கொடுப்பதை எவரும் ஆடம்பரமென்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை பெரும்பாலும் பயனற்றதாகவே இருந்தது. வெட்டிய இடத்திலேயே நோய் மீண்டும் தோன்றிற்று. அந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவில் பால்ரிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே பணிபுரிந்த வில்லியம் ஹால்ஸ்ரெட் என்பவர். மார்பகம், அதன் மேலுள்ள தோல், அதன் கீழுள்ள மார்புத் தசை, அக்குளிலுள்ள நிணநீர்க்கணுக்கள் ஆகிய அனைத்தையும் ஒரே தொகுதியாக வெட்டி நீக்கும் முறையை அவர் வகுத்தார். தாம் சிகிச்சை செய்த 50 பெண்களின் வரலாற்றை 1894ஆம் ஆண்டில் வெளியிட்டு, அவர்களுள் மூவருக்கே அவ்விடத்தில் நோய் மீண்டதெனக் காட்டினார். அக்காலத்து ஐரோப்பிய சத்திரவைத்தியர் பலரிடம் அத்தொகை பாதிக்கு மேற்பட்டிருந்தது. எனவே ஹால்ஸ்ரெட்டின் முறையை உலகம் வியந்து ஏற்றதில் வியப்பில்லை.

இம்முறையினால் மார்பில் ஏற்பட்ட பெரும் புண்ணை எவ்வாறு மூடுவது என்னும் வினா எழுந்தது. ஹால்ஸ்ரெட் உடலின் வேறோரிடத்திலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டினார். இத்தாலியிலே பாவியா நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த இஜீனியோ தன்சினி வேறு வழியை நாடினார். அவர் 1896ஆம் ஆண்டில், முதுகிலிருந்து ஒரு தோல் மடலை அடியோடு அறுக்காது முன்புறம் திருப்பிப் புண்ணின் மேல் பரப்பினார். மடலின் நுனி இரத்தமின்றி அழுகிற்று. காரணத்தை ஆராய்ந்து, தோலுக்கு இரத்தம் ஊட்டும் குழாய்கள் அதன் கீழுள்ள தசையின் வழியே வருகின்றன என உணர்ந்தார். ஆதலின் 1906ஆம் ஆண்டில் முதுகின் அகன்ற தசையையும் அதன் நாடி நாளங்களையும் தோலுடன் சேர்த்தே திருப்பி மடல் அமைத்தார். அது அழுகாது பிழைத்தது. தசையும் கொழுப்பும் தோலும் ஒருங்கே வந்தமையால், குழிந்த மார்பு நிரம்பவும் செய்தது. அவர்தம் வழியில் வந்த ஸ்ரெபனோ தெஸ்தே 1912ஆம் ஆண்டில் இம்முறையை மேலும் விளக்கி எழுதினார். ஐரோப்பாவில் சில ஆண்டுகள் அது வழங்கிற்று. பின்னர் மறைந்தது.

அது மறைந்தமைக்குக் காரணம் யாது? ஹால்ஸ்ரெட் மடல்கொண்டு மூடுவதை விரும்பவில்லை. தடித்த மடலின் அடியில் நோய் மீண்டும் தோன்றின் அது கண்ணுக்குப் புலனாகாது ஒளிந்து வளரும் என்பது அன்றைய சத்திரவைத்தியரின் அச்சம். மேலும், புண்ணை எளிதில் மூடும் வழி கையிலிருந்தால் சத்திரவைத்தியன் வெட்டுவதில் தளர்ந்துவிடுவான் எனவும், மூடுதலைப் பற்றிச் சிந்தியாதவனே முழுமையாக வெட்டுவான் எனவும் கருதினர். இவ்வச்சம் அறியாமையின்பாற்பட்டதன்று, நோய் திரும்பத் திரும்ப வந்து பெண்களைக் கொன்ற காலத்திலே பிறந்த அச்சம் அது. ஆயின் அது சோதித்தறியப்பட்ட உண்மையுமன்று.

சோதித்தறியப்படாத ஒரு கருத்து இத்துணைக் காலம் நிலைத்தமைக்கு ஹால்ஸ்ரெட் மற்றொரு துறையில் ஆற்றிய பணியும் காரணமாகும். இளம் வைத்தியர் பல்லாண்டுகள் வைத்தியசாலையிலேயே தங்கி, படிப்படியாகப் பொறுப்பேற்றுச் சத்திரசிகிச்சை பயிலும் முறையை அமெரிக்காவில் நிலைநாட்டியவர் அவரே. அவரிடம் பயின்றோர் பலர் பல்கலைக்கழகங்களிற் சத்திரசிகிச்சைத் துறைத் தலைவராயினர். அவர்தம் மாணவரும் அவ்வாறே ஆயினர். ஆசானின் கைத்திறனோடு அவருடைய கொள்கைகளும் அச்சங்களும் சேர்ந்தே கடத்தப்பட்டன. நூலில் எழுதிய கருத்தை வாதிட்டு மறுக்கலாம். பயிற்சியின்போது கையோடும் கண்ணோடும் கலந்துவிட்ட கருத்தை மறுத்தல் அரிது. மனப்பாங்கு வேறு, பயிற்சி வேறு எனப் பிரித்துப் பேசுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இதன் விளைவு நோயாளரைச் சென்று தாக்கிய விதம் கொடிது. இருபதாம் நூற்றாண்டின் எழுபதுகள் வரை அமெரிக்காவில் வழங்கிய நடைமுறையை நோக்குக. மார்பில் ஒரு சிறு கட்டியோடு பெண்ணொருத்தி வைத்தியசாலைக்குச் செல்வாள். அவளுக்கு மயக்கமருந்து ஊட்டியபின் கட்டியின் ஒரு துண்டை வெட்டி, உறையவைத்து, நுணுக்குக்காட்டியில் நோக்குவர். புற்றுநோயெனத் தெரிந்தால், அம்மயக்கம் தெளியுமுன்னரே மார்பகம் முழுவதையும் நீக்கிவிடுவர். தனக்கு நோய் உண்டென்பதையும் தன் மார்பகம் இல்லை என்பதையும் அவள் கண்விழித்தபோதே ஒருங்கே அறிவாள். அத்தகைய நிலையில் மீளமைப்பைப் பற்றி யார் எப்போது பேசுவது?

1974ஆம் ஆண்டில் இந்நோய்க்கு ஆளான ரோஸ் குஷ்னர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் இந்நடைமுறைக்கு உடன்பட மறுத்தார். முதலில் சோதனை, பின்னர் ஆலோசனை, அதன்பின்னரே சத்திரசிகிச்சை என்று வற்புறுத்தி, அடுத்த ஆண்டிலே நூலொன்றும் வெளியிட்டார். அதே காலத்தில் பிற்ஸ்பேர்க் நகரத்துச் சத்திரவைத்தியர் பேர்னாட் பிஷர், 1971ஆம் ஆண்டு முதல் நடத்திய பெருஞ்சோதனையிலே, மார்புத் தசையையும் சேர்த்து வெட்டியோரும் வெட்டாது விட்டோரும் ஒத்த அளவே உயிர்வாழ்கின்றனர் எனக் காட்டினார். 25 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவும் அதனையே உறுதிசெய்தது. மிலான் நகரத்து உம்பெர்த்தோ வெரொனேசி 1981ஆம் ஆண்டிலும், பிஷர் தம் மற்றொரு சோதனையின்வழி 1985ஆம் ஆண்டிலும், சிறு கட்டிகளுக்கு மார்பகத்தை முழுதும் நீக்கவேண்டியதில்லை என நிறுவினர். 1979ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் மாநாடு, ஹால்ஸ்ரெட்டின் முறையையும் ஒரே மயக்கத்தில் யாவையும் முடிக்கும் வழக்கத்தையும் கைவிடுமாறு கூறிற்று. குஷ்னர் அக்குழுவில் ஓர் உறுப்பினராய் அமர்ந்திருந்தார்.

இனி, மீளமைப்புக் கலை வளர்ந்த மற்றொரு வழியைக் காண்போம். உறுப்பமைப்புச் சத்திரசிகிச்சையைக் குறிக்கும் பிளாஸ்ரிக் என்னும் சொல், வனைதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உயிருள்ள தோலை அதன் அடி அறாது திருப்பி உறுப்பமைத்தல் பாரத நாட்டிற்குப் பழையதொரு கலை. கன்னத்துத் தோல்கொண்டு மூக்கமைக்கும் முறை சுசுருத சங்கிதையிற் கூறப்பட்டுள்ளது. நெற்றித் தோல்கொண்டு மூக்கமைத்த பூனா நகரத்துச் செய்தி 1794ஆம் ஆண்டில் இலண்டன் இதழொன்றில் வெளிவர, அதனைக் கற்ற ஜோசப் கார்ப்யூ 1814ஆம் ஆண்டில் இலண்டனில் அவ்வாறே செய்தார். முதலாம் உலகப் போரிலே முகஞ்சிதைந்த போர்வீரர்க்குச் சிகிச்சை செய்த ஹரோல்ட் கிலீஸ், 1917ஆம் ஆண்டில் தோல் மடலைக் குழாய்போற் சுருட்டித் தைத்து, படிப்படியாக இடம்பெயர்க்கும் முறையைக் கண்டார். அம்முறையால் 1942ஆம் ஆண்டில் வயிற்றுத் தோலைக்கொண்டு மார்பகமும் அமைத்தார். ஆயின் அதற்குப் பல சத்திரசிகிச்சைகளும் பல மாதங்களும் வேண்டியிருந்தன.

பின்னர் வழிகள் விரைந்து பெருகின. அவற்றை இரு வகையாகக் கொள்ளலாம். ஒன்று செயற்கைப் பொருள் வைத்தல். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரத்து குரோனின், ஜெரோ என்னும் இருவர் சிலிக்கோன் பையை முதன்முதல் உபயோகித்தனர். அது மார்பைப் பெருப்பிக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டதாயினும், எழுபதுகளில் மீளமைப்புக்கும் பயன்படலாயிற்று. தோல் போதாதவிடத்து, முதலில் ஒரு வெற்றுப் பையைத் தசையின் கீழ் வைத்து, வாரந்தோறும் ஊசிவழியே உப்புநீர் செலுத்தித் தோலை மெல்ல மெல்ல விரியச் செய்து, பின்னர் நிலையான பையை வைப்பர்.

மற்றொன்று நோயாளியின் சொந்த இழையத்தால் அமைத்தல். யேர்மனியில் நேவன் ஒலிவாரி 1976ஆம் ஆண்டில் முதுகின் அகன்ற தசையைப் பயன்படுத்தி எழுதினார். எழுபது ஆண்டுகளுக்கு முன் தன்சினி சென்ற வழி மீண்டும் திறந்தது. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அற்லாண்டா நகரத்துக் காள் ஹாற்றம்ப், கீழ்வயிற்றின் தோலையும் கொழுப்பையும் வயிற்றின் நேர்த்தசையோடு மேலேற்றி மார்பகம் அமைத்தார். தசையை எடுப்பதால் வயிற்றுச் சுவர் தளர்வது அதன் குறை. 1989ஆம் ஆண்டில் யப்பானியராகிய கொஷிமா, தசையை விட்டுவிட்டு அதனை ஊடுருவி வரும் நுண்குழாய்களை மாத்திரம் பிரித்தெடுத்து மடல் அமைக்கலாமெனக் காட்டினார். நியூ ஓர்லியன்சு நகரத்து ரொபேட் அலன் 1994ஆம் ஆண்டில் அதனை மார்பகத்துக்குப் பயன்படுத்தி எழுதினார். இதில் மடலை முற்றாக அறுத்தெடுத்து, அதன் நாடி நாளங்களை நுணுக்குக்காட்டியின் உதவியால் மார்பிலுள்ள குழாய்களோடு தைத்து இணைப்பர். இணைப்பு அடைபடின் மடல் முழுவதும் இறக்கும். ஆகலின் முதல் நாட்களில் இரவும் பகலும் இடையறாது அதனைக் கவனித்தல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் குறையற்றதன்று. அமைத்த மார்பகத்தில் இயல்பான உணர்ச்சி பெரும்பாலும் மீள்வதில்லை. செயற்கைப் பையைச் சூழ உடல் ஓர் உறையை உண்டாக்கும்; சிலரிடத்து அது இறுகி வலியும் உருக்கேடும் தரும். கதிர்ச்சிகிச்சை பெறுவோரிடத்து இத்தீங்கு மிகுதி. அமெரிக்க அரசாங்கம் 1992ஆம் ஆண்டில் சிலிக்கோன் பைகளின் உபயோகத்தைக் கட்டுப்படுத்தி, 2006ஆம் ஆண்டில் மீள அனுமதித்தது. சொரசொரப்பான மேற்பரப்புடைய சில பைகள் அரியதொரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புற்றமையால், 2019ஆம் ஆண்டில் சந்தையினின்றும் திரும்பப் பெறப்பட்டன. சொந்த இழையத்தால் அமைப்பதற்கோ நீண்ட சத்திரசிகிச்சையும் உடலில் இன்னொரு வடுவும் விலையாகின்றன. இவற்றையெல்லாம் அறிந்த ஒரு பெண், எதுவும் வேண்டாம், மார்பு தட்டையாகவே இருக்கட்டும் எனத் துணிவாளாயின் அதுவும் தக்க முடிவே. எனவே மீளமைப்பு அனைவர்க்கும் விதிக்கப்படுவதொன்றன்று, அனைவர்க்கும் எடுத்துரைக்கப்படவேண்டியதொன்றாகும். அறியாதவள் மறுத்தாள் என்று சொல்வது பொருளற்ற கூற்று.

எடுத்துரைக்கும் கடமை முதலில் யாரைச் சார்ந்தது? நோயாளி முதற்கண் சந்திப்பது மார்பகத்தை நீக்கும் சத்திரவைத்தியரையே. மீள அமைப்பவரை அன்று. முன்னவர் வாய்திறவாராயின் பின்னவரிடம் செல்லும் வழியே அவளுக்குத் தெரியாது. அமெரிக்காவில் டெற்றோயிற், லொஸ் அஞ்செலிஸ் என்னும் நகர்ப்புறங்களின் சத்திரவைத்தியரிடையே நடத்தப்பட்டு 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், தம் நோயாளருள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோரைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே மீளமைப்பு நிபுணரிடம் அனுப்பியோர் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினரே. பெண் வைத்தியரும், மார்பகச் சத்திரசிகிச்சையை மிகுதியாகச் செய்வோரும், புற்றுநோய் நிலையங்களிற் பணிபுரிவோருமே கூடுதலாக அனுப்பினர். 1998ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, மார்பக நீக்கத்துக்குப் பணந்தரும் காப்புறுதி நிறுவனங்கள் மீளமைப்புக்கும் பணந்தரல் வேண்டும் என்றிருந்த நாட்டிலேயே நிலைமை இது. பணத்தடை நீங்கிய பின்னரும் மனத்தடை நின்றது.

அனுப்பாமைக்குப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. நோய் மீள்வதை மீளமைப்பு மறைக்கும் என்பது பழைய அச்சம். நீக்கிய இடத்தில் மீளும் நோய் பெரும்பாலும் தோலிலோ அதன் சற்றுக் கீழோ தோன்றிக் கைக்குத் தட்டுப்படுவதாலும், மீளமைப்புப் பெற்றோரிடத்து நோய் மீள்வது கூடவில்லை எனப் பின்னைய ஆய்வுகள் காட்டியதாலும், அவ்வச்சம் வலியிழந்தது. மருந்துச் சிகிச்சை தாமதமாகும் என்பது இரண்டாவது. புண் ஆறாது சிக்கலுற்றவிடத்து இது மெய்யாகலாம், ஆதலின் தக்காரைத் தெரிதல் வேண்டும். முதியோர் இதனை விரும்பார் என்பது மூன்றாவது. இது கேளாமலே கொண்ட முடிவு. உயிர் தப்பியதே போதாதா என்பது நான்காவது. இவ்வினாவை எழுப்பும் உரிமை நோயாளிக்கு உண்டு, வைத்தியருக்கு இல்லை.

இம்மனப்பாங்கை மாற்றும் வழி பயிற்சியே என உணர்ந்த நாடுகளுள் பிரித்தானியா குறிப்பிடத்தக்கது. அங்கே மார்பகத்தை நீக்குவோர் பொதுச் சத்திரசிகிச்சைத் துறையிலும், மீள அமைப்போர் உறுப்பமைப்புத் துறையிலும் தனித்தனியே பயின்று வந்தனர். யேர்மனியரான வேர்னர் அவுட்றெச் தொண்ணூறுகளில், புற்றுநோய் நீக்கத்தையும் உறுப்பமைப்பையும் ஒரே திட்டமாக இணைத்து அதற்கு ஒரு பெயருஞ் சூட்டினார். அவ்வழியில் பிரித்தானியா 2002ஆம் ஆண்டில், இரு துறையினரும் ஒருவர் பிரிவில் மற்றொருவர் சென்று பயிலத்தக்க கூட்டுப் பயிற்சிப் பதவிகளை ஏற்படுத்திற்று. ஆயினும் பயன் உடனே விளைந்திலது. இங்கிலாந்தில் 2008ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் மார்பகம் நீக்கப்பட்டோருள், அதே வேளையில் மீளமைப்புப் பெற்றோர் நூற்றுக்கு 21 பேரே எனத் தேசியக் கணக்காய்வு கண்டது. அத்தொகையும் பகுதிக்குப் பகுதி பெரிதும் வேறுபட்டது. ஒரு பெண்ணின் நோய் எத்தகையது என்பதோடு, அவள் எவ்வூரில் வாழ்கின்றாள் என்பதும் அவள் பெறுவதைத் தீர்மானித்தது.

பயிற்சி என்பது யாவர்க்கும் யாவற்றையும் கற்பித்தலன்று. பரிஸ் நகரத்துக் கிளஃப் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2010ஆம் ஆண்டில் வகுத்த முறை இதற்கு உதவும். மார்பகத்தின் ஐந்திலொரு பகுதிக்குக் குறைவாக நீக்கும்போது, எஞ்சிய இழையத்தை நகர்த்தி இடத்தை நிரப்புதல் முதற்படி. எல்லா மார்பகச் சத்திரவைத்தியரும் இதனைச் செய்ய வல்லராதல் வேண்டும். அதனினும் மிகுதியாக, பாதிவரை நீக்குமிடத்து மார்பகத்தையே புதிதாக உருவமைத்தல் இரண்டாம் படி. அதற்குத் தனிப்பயிற்சி வேண்டும். நுண்குழாய்களை இணைக்கும் சத்திரசிகிச்சை இவற்றுக்கு மேற்பட்டது. நாடோறும் அதனைச் செய்வோர் சிலரிடமே அது இருத்தல் தகும். ஆயின் மூன்று நிலையினரும் அறிந்திருக்கவேண்டியவை சில உள: நோயாளியை நிற்கவைத்து, மயக்கமூட்டுமுன் மார்பின் எல்லைகளைக் குறித்தல்; பின்னர் அமைப்பவருக்கு இடையூறாகாதவாறு வடுவின் இடத்தைத் தெரிதல்; எஞ்சும் தோலை அழுகும்படி மெலிதாகவோ நோய் தங்கும்படி தடிப்பாகவோ விடாமை; எல்லாவற்றுக்கும் முன், இருந்து பேசுதல்.

உறுப்பமைப்பு நிபுணர் அரியராயுள்ள இடங்களிலும் இக்கடைசிக் கடமைக்குத் தடையில்லை. மீளமைப்பை அன்றே செய்யவேண்டுமென்பதில்லை. சிகிச்சைகள் முடிந்து ஆண்டுகள் சென்றபின்னும் செய்யலாம். உடையினுள் வைத்தணியும் செயற்கை மார்பகமும் உண்டு. இவற்றைச் சொல்ல நுணுக்குக்காட்டி வேண்டா. அரைமணி நேரமும் ஒரு நாற்காலியும் போதும்.

நம் கல்லூரியினின்றும் ஆண்டுதோறும் மருத்துவம் பயிலச் செல்லும் மாணவர் உளர். அவர்கள் தம் ஆசான்மாரிடம் கத்தி பிடிக்கக் கற்பர். அவ்வாசான்மார் நோயாளியிடம் எதைச் சொல்கின்றனர், எதைச் சொல்லாது விடுகின்றனர் என்பதையும் தம்மையறியாமலே கற்பர். முன்னதை நன்றியோடு ஏற்றுக்கொள்க. பின்னதை, ஏற்குமுன் ஆராய்க. தன்சினியின் மடல் எழுபதாண்டுகள் பெரும்பாலும் மறந்து கிடந்தமை, அவ்வாறு ஆராயாது ஏற்றதன் விளைவாகும்.